பிடிக்கவில்லை என்று சொன்ன நண்பன்

அன்புள்ள ஐயா,

‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’ படம் பார்த்தபோதுதான் 10சிசி என்ற பிரிட்டிஷ் இசைக் குழுவின் ‘ஐ’ம் நாட் இன் லவ்’ பாட்டு எனக்கு அறிமுகமானது. பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் அந்தக் கோரஸ் சிந்தசைசர் இல்லை, மனிதக் குரல்கள், அவற்றைப் பதிவுசெய்ய மூன்று வாரம் ஆனது என்று படித்தேன். ஏறக்குறைய அதே சத்தத்தை என் லேப்டாப்பில் ஒரே மாலையில் கொண்டுவந்து ஒரு பாட்டும் போட்டுவிட்டேன். (கூட வாசிக்கும் நண்பனுக்குப் பிடிக்கவில்லை. பேச்சு முற்றியதால் அவன் இல்லாமலேயே முடித்தேன்.) இன்று இவ்வளவு சுலபமாக வருவதற்கு அன்று அவர்கள் பட்ட பாட்டுக்குப் பொருள் உண்டா? எப்படியும் சாஃப்ட் ராக் மேலோட்டமான இசைதானே?

ச.

அன்புள்ள ச.,

மேலோட்டமா ஆழமா என்ற பேச்சுக்குள் நான் போகப் போவதில்லை. ஒரு பாட்டைத் தேடிப் படித்து, அதன் சத்தத்தைத் தானே செய்தும் பார்த்தவர் கேட்கிற கேள்வியா இது? லேப்டாப்பில் செய்ததும் நல்லதுதான். அந்தப் பாட்டு வந்த 1975ல் கையில் கிடைத்திருந்தால் அவர்களும் அதைத்தான் தொட்டிருப்பார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட வரி. கொஞ்ச காலமாகவே இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது எழுதுகிறவர்கள், பாடுகிறவர்கள், படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் தனியாகச் செய்து தனியாகவே வெளியிடுகிறார்கள். “இது சரியா வரலை” என்று வாசலிலேயே மறிக்க ஆளில்லை. உங்களுக்கு ஒருவர் இருந்திருக்கிறார். அவரை அனுப்பிவிட்டு வந்து, உதாரணத்துக்கு இந்தப் பாட்டையா காட்டுகிறீர்கள்? இந்தப் பாட்டு உருவானதே பிடிக்கவில்லை என்று சொன்ன ஒருவரால்தான்.

இந்தப் பாட்டைப் பாடிய, குழுவின் எரிக் ஸ்டூவர்ட்டிடம் அவர் மனைவி, காதலை ஏன் அடிக்கடி வாய்விட்டுச் சொல்வதில்லை என்று கேட்டிருக்கிறார். சொல்லிச் சொல்லியே அந்தச் சொல் தேய்ந்துவிடும் என்பது ஸ்டூவர்ட்டின் எண்ணம். அதிலிருந்து பிறந்தது, காதலே இல்லை என்று சாதித்துக்கொண்டே வரிக்கு வரி மாட்டிக்கொள்கிறவனின் பாட்டு. உன் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பது அங்கே இருக்கும் கறையை மறைக்கத்தான் என்கிறான் அவன். ஸ்டூவர்ட்டும் குழுவின் இன்னொருவரான கிரஹாம் கூல்ட்மேனும் சேர்ந்து இதை போஸா நோவா என்ற பிரேசில் தாளத்தில் அமைத்தார்கள். மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட்டில், ஸ்டூவர்ட் பங்குதாரராக இருந்த ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் பதிவும் செய்தார்கள். குழுவின் டிரம்மர் கெவின் கோட்லிக்கு அது அறவே பிடிக்கவில்லை. தாட்சண்யம் பார்க்காமல் சொல்லிவிட்டார். பாட்டைக் கைவிட்டு, நாடாவையும் அழித்துவிட்டார்கள்.

ஆனால் ஸ்டூடியோவில் வேலை செய்தவர்கள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே நடமாடினார்கள். சரி, இன்னொரு முறை பார்ப்போம் என்று உட்கார்ந்தபோது வழி சொன்னவர் யார்? அதே கோட்லி. வாத்தியங்களை விடுங்கள், குரல்களாலேயே செய்வோம் என்றார். டிரம் வாசிக்கிறவர் சொல்கிறார் இதை! கடைசி வடிவத்தில் டிரம் செட்டே இல்லை. இதயத் துடிப்புபோலக் கேட்கும் அந்த அடி மூக் சிந்தசைசரில் கோட்லி எழுப்பியது. பிடிக்கவில்லை என்றவர் தன் வாத்தியத்தையே விட்டுக்கொடுத்திருக்கிறார். உங்கள் கடிதத்தில் இந்த மனிதரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

எண்பதுகளில் வானொலிக்கு நாடகம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒலிப்பதிவாளர் ஒருவர் இருந்தார், எங்கள் எல்லோருக்கும் அண்ணன். ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “தம்பி, இது கேக்குறவன் காதுல நிக்காது” என்றார். எனக்குச் சுருக்கென்றது, எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை. டேப் சுருளைக் கையாலேயே முன்னும் பின்னும் உருட்டி, ஒரு சொல் தொடங்கும் இடத்தைக் காதால் பிடித்து, மஞ்சள் பென்சிலால் கோடு போட்டார். பிளேடால் சாய்வாக வெட்டினார். நேராக வெட்டினால் ஒட்டு வரும் இடத்தில் ‘டப்’ என்று கேட்கும். நான் ஆசையாக எழுதிய வசனமெல்லாம் பழுப்பு நாடாவாகத் தரையில் சுருண்டு கிடந்தது. ஊழியர்கள் வீட்டுக்குப் போன பிறகும் அவர் என்னோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவர்களில் முதலில் அவரைத்தான் சொல்வேன்.

அந்த ‘டப்’ சத்தம் ஸ்டாக்போர்ட்டிலும் அவர்களைப் படுத்தியிருக்கிறது. கோட்லி, கூல்ட்மேன், குழுவின் நான்காமவர் லால் க்ரீம் மூவரும் ஒரு ஸ்வரத்தை ‘ஆ’ என்று 16 முறை பாடினார்கள். ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல்கள். இப்படி ஒவ்வொரு ஸ்வரத்துக்கும். ஆனால் எந்தத் தொண்டையாலும் நிறுத்தாமல் பாட முடியாதே! க்ரீம்தான் டேப் வளையம் செய்யலாம் என்றார். முனைகளை ஒட்டி வளையமாக்கினால் தம்பூராபோல முடிவே இல்லாமல் ஒலிக்கும். ஒட்டு அடிக்கடி வந்து காதில் விழாமலிருக்க வளையத்தைச் சுமார் 12 அடி நீளத்துக்கு விட்டார்கள். ரெக்கார்டரிலிருந்து கிளம்பும் நாடா, மைக் ஸ்டாண்டின் உச்சியில் பொருத்திய உருளையைச் சுற்றித் திரும்பி வரும். கடைசியில் மிக்சிங் மேசையின் ஒவ்வொரு ஃபேடரிலும், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒவ்வொரு பிடியிலும், ஒரு ஸ்வரம். அவற்றை ஏற்றி இறக்கி, மேசையையே நால்வரும் வாத்தியமாக வாசித்தார்கள். ஃபேடர்கள் முழுதாக இறங்கிவிடாதபடி கீழே டேப் ஒட்டியிருந்தார் ஸ்டூவர்ட். அதனால்தான் எல்லா ஸ்வரங்களும் பாட்டின் அடியில் மூச்சுபோல ஓடிக்கொண்டே இருக்கின்றன. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு, இன்றும் அதைக் கேட்டால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

நடுவில் ஒரு பெண் குரல் கிசுகிசுக்கிறதே, அது ஸ்டூடியோவின் செயலாளர் கேத்தி ரெட்ஃபெர்னுடையது. ஸ்டூவர்ட்டுக்கு போன் வந்திருக்கிறது என்று மெல்லச் சொல்ல உள்ளே வந்தவரை மைக் முன் நிறுத்திவிட்டார்கள். அதற்கும் பக்கத்தில் மனிதர்கள் நடமாட வேண்டும்.

பிரிட்டனில் இரண்டு வாரம் முதலிடம், அமெரிக்காவில் மூன்று வாரம் இரண்டாமிடம், அதெல்லாம் இருக்கட்டும். 1976ல் கோட்லியும் க்ரீமும் விலகிப் போனார்கள். மற்ற இருவரும் அதே பெயரில் தொடர்ந்து, 1978ல் ‘ட்ரெட்லாக் ஹாலிடே’ பாட்டுக்கு மறுபடி முதலிடமும் வாங்கினார்கள். நல்ல பாட்டுதான். ஆனால் இப்படி ஒன்று அவர்களுக்குத் திரும்ப வாய்க்கவில்லை என்பதுதான் என் கருத்து. கூடவே இருந்து மறுத்துப் பேசிய அந்த இருவரும் போய்விட்டார்களே!

உங்கள் நண்பருக்கு எந்த இடம் பிடிக்கவில்லை? அதைக் கேட்டீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். கேட்காமலே சண்டை போட்டிருக்கிறீர்கள், அதுதான் எனக்குக் கோபம். அவர் சொல்வதை அப்படியே ஏற்கச் சொல்லவில்லை. ஸ்டூவர்ட் கோட்லிக்காகத் தன் மெட்டைத் தூக்கி எறியவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள். முதலில் அவர் பேசி முடிக்கட்டும். அப்புறம் இரண்டு பேருமாகப் போட்டதை எனக்கு அனுப்புங்கள், கேட்கிறேன். தனியாகப் போட்டது இப்போதைக்கு வேண்டாம்.

அன்புடன்