பொற்றாமரைக் குளமும் போலீஸ் சங்கமும்

கேள்வி: அமெரிக்காவில் போலீஸ்காரர் தவறு செய்தால் அவருடைய சங்கமே காப்பாற்றிவிடுகிறதாமே? உறுப்பினரைக் காப்பதுதானே தொழிற்சங்கத்தின் வேலை?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: சங்கம் என்றாலே எனக்கு மதுரைப் பொற்றாமரைக் குளம்தான் நினைவுக்கு வருகிறது. நெற்றிக்கண்ணைக் காட்டிய சிவனிடமே ‘குற்றம் குற்றமே’ என்று சொல்லிவிட்டு அந்தக் குளத்தில் விழுந்தார் நக்கீரர். (இது புராணம், வரலாறு அல்ல என்று அஞ்சலட்டையை எடுத்துவிட்ட புலவர்களுக்கு: தெரியும் ஐயா, தபால் செலவு வேண்டாம்.) தகுதியில்லாதவர் ஏறினால் சங்கப் பலகை தள்ளிவிடுமாம்.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரப் போலீஸ் சங்கத்தின் பலகை யார் ஏறினாலும் மிதக்கும். 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் 9 நிமிடங்களுக்கு மேல் முழங்காலை ஊன்றி அவர் சாகக் காரணமான டெரிக் சோவின் என்ற போலீஸ்காரர் மீது ஏற்கெனவே குறைந்தது 17 புகார்கள் இருந்தன. சங்கத் தலைவர் பாப் குரோல் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார்: சம்பவ இடத்தில் இருந்த நான்கு போலீஸ்காரர்களையும் முறையாக விசாரிக்காமல் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களே என்று. செத்தவரைப் பற்றி? அவருடைய பழைய குற்றப் பதிவை நினைவூட்டினார்.

சங்கத்தை மட்டும் திட்டுவானேன்? போலீஸ்காரர்களின் வேலை ஒப்பந்தத்தின் மறுபக்கம் கையெழுத்துப் போட்டது நகராட்சி. அங்கே பல ஊர்களில் சம்பளத்தைக் கூட்டக் காசில்லாதபோது தண்டனையில் தள்ளுபடி கொடுத்தார்கள். பழைய புகார்கள் சில ஆண்டுகளில் கோப்பிலிருந்து காணாமல் போகும். சுட்ட போலீஸ்காரரை உடனே விசாரிக்கக் கூடாது. வேலை போனாலும் நடுவரிடம் முறையிடலாம். அந்த நடுவரை இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுக்கின்றன. அடுத்த வழக்கும் தனக்கே வர வேண்டும் என்ற கவலை அவருக்கு இருக்காதா?

அதே மினியாபொலிஸில் பஸ் ஓட்டுநர்களுக்கும் ஒரு சங்கம் உண்டு. ஃபிளாய்ட் சாவைக் கண்டித்துக் கைதான ஆர்ப்பாட்டக்காரர்களை ஏற்றிப்போக பஸ்ஸை எடுக்க மாட்டோம் என்று ஓட்டுநர்கள் மறுத்தபோது, அது அவர்கள் பக்கம் நின்றது. அதுவும் உறுப்பினரைக் காப்பதுதான். சியாட்டிலில் 2020 ஜூனில் தொழிற்சங்கக் கூட்டமைப்பு வாக்கெடுப்பு நடத்தி, போலீஸ் சங்கத்தையே பலகையிலிருந்து தள்ளிவிட்டது.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் மூன்று ஆண்டுகளாகத் தண்ணீர் மோட்டார் பழுதுபார்த்த கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை நக்கீரராகவே எழுந்து நின்றேன். பொருளாளர் நேராக வந்து கையில் ஒரு பொட்டலத்தை வைத்தார். பட்டாணிச் சுண்டல், சூடாக, தேங்காய் தாராளம். உட்கார்ந்துவிட்டேன்.