வாவிக்கரைப் பொறியியல்: கேட்டவையும் சொன்னவையும்

நீர்வழங்கலில் நீண்ட காலமும் மட்டக்களப்பு வாவியின் இறங்குதுறைகளில் சில காலமும் வேலை செய்து ஓய்வுபெற்ற குடிசார் பொறியியலாளன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இது.

களுவாஞ்சிக்குடி மாணவி: ஐயா, உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறேன். ஊரைவிட்டு அதிக தூரம் போகாமல் படித்துக் குடிசார் பொறியியலுக்கு வரலாமா?

வரலாம் மகள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி கைகொடுக்காவிட்டால் அம்பாறை ஹார்டி தொழினுட்பக் கல்வி நிறுவனத்தில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். டிப்ளோமாக்காரரை இளப்பமாகப் பேசுவோரைப் பொருட்படுத்தாதீர்கள். நள்ளிரவில் குழாய் வெடித்தால் முதலில் தேடப்படுபவர் அவர்தான்.

கல்முனை இளம் பொறியியலாளர்: குழாயிலிருந்து படகுத்துறைக்கு எப்படித் தாவினீர்கள்?

தாவவில்லை. இரண்டு வேலையும் மட்டம் பார்க்கும் வேலைதான். 10 மீற்றர் உயர நீர் ஏறத்தாழ ஒரு 'பார்' (அழுத்த அலகு) அழுத்தம் தரும். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை தட்டை நிலம். அந்த உயரத்தை நீர்த்தாங்கிக் கோபுரம் கட்டித்தான் பெற வேண்டும். உன்னிச்சைக் குளத்து நீரை நகரத்துக்குக் கொண்டுவரும் நெடுங்குழாய்க்கும் மட்டமே வழிகாட்டி: மேட்டில் காற்றுத் தங்கும், பள்ளத்தில் மண்டி தங்கும். மட்டக்கருவியை உதவியாளரிடம் விட்டுவிட்டு வாகனத்தில் உட்கார்ந்திருக்கும் பொறியியலாளரை எனக்குப் பிடிக்காது.

ஆரையம்பதி வாசகி: எங்கள் கிணறு முன்பு கற்கண்டாக இருந்தது. இப்போது உவர்க்கிறது. ஏன்?

மணலுக்கடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. அதன் மறுபக்கம்தான் வினை. மோட்டாரால் இறைத்து இறைத்து மேலே ஒரு சாண் இறங்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு பல மீற்றர் ஏறிவிடும். மலசலகூடக் குழியின் கழிவும் மணலில் எளிதாக நகரும். குடிக்கக் குழாய் நீரை எடுங்கள், கிணற்றைத் தூர்க்காதீர்கள். அளவோடு இறைத்தால் வேறு தேவைகளுக்கு உதவும்.

ஏறாவூர் வாசகர்: குழாய் நீரில் மருந்து வாடை வருகிறதே?

வரட்டும். அது கிருமி கொல்லும் குளோரினின் வாடை. குழாய்முனையிலும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மீதிக் குளோரின் இருக்க வேண்டும். குடத்தில் திறந்து வைத்தால் வாடை குறைந்துவிடும்.

மண்டூர் வாசகர்: எங்கள் பக்கத்துத் தோணித்துறை மாரியில் மூழ்குகிறது, கோடையில் சேற்றுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. கட்டியவருக்குக் கண் இல்லையா?

கண் இருந்திருக்கும், அளவெடுக்க ஒரே ஒரு நாள்தான் வந்திருப்பார். நம் வாவியின் நீர்மட்டத்தைக் கடலின் வற்றுப்பெருக்கு அதிகம் தீர்மானிப்பதில்லை. இந்தக் கடலில் அதுவே சிறியது. தீர்மானிப்பது, வாவி கடலோடு சேரும் வாயான முகத்துவாரம். மணல்திட்டு வாயை அடைத்திருக்கும்போது வடகீழ்ப் பருவமழை கொட்டினால் நீர் வயல்வரை ஏறும். முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் மளமளவென்று இறங்கும். ஒரே உயரத்தில் கட்டிய துறை இரண்டுக்கும் பொருந்தாது. படிப்படியாக இறங்கும் துறை மலிவு. மிதக்கும் துறை வசதியானது, ஆனால் அதைப் பிடித்து நிறுத்தும் தூண்கள் வெள்ள மட்டத்தையும் தாண்டி உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் துறை தூணின் தலையைக் கடந்து மிதந்து போய்விடும். வெள்ளத்தோடு வரும் ஆற்றுவாழை என்ற மிதக்கும் நீர்ச்செடியின் தள்ளுவிசையையும் கணக்கில் சேருங்கள். பச்சைப் பாயாகத் தூண்களில் அடைந்துகொண்டால் அதன் பலம் தெரியும். வேலை தொடங்குமுன் கரையோரம் பேணல் திணைக்களத்திடம் அனுமதி கேளுங்கள்.

கல்லாறு மீனவர்: தோணி இறக்கும் சரிவில் கால் வழுக்குகிறது.

மட்டப்பலகையால் வழவழப்பாகத் தேய்த்திருப்பார்கள். வீட்டுத் தரைக்குத்தான் அது அழகு. கொங்கிறீற்று ஈரமாக இருக்கும்போதே சாய்வாக ஆழமான பள்ளக்கோடுகள் இழுக்க வேண்டும். பாசி பிடித்தாலும் பிடி இருக்கும். சரிவு 12 முதல் 15 சதவீதம் போதும். சரிவின் அடி, கோடை நீர்மட்டத்துக்கும் கீழே போய் முடிய வேண்டும்.

வாழைச்சேனை வாசகி: என் மகன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். அவனும் படகில் ஏறத் துறை கட்ட முடியுமா?

முடியும் தங்கச்சி. நாற்காலிச் சரிவு 1:12-ஐ விட, அதாவது 1 மீற்றர் உயரத்துக்கு 12 மீற்றர் நீளம் என்பதைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. நீர்மட்டம் 1 மீற்றர் இறங்கும் இடத்தில் மிதக்கும் துறைக்கு 12 மீற்றர் நடைபாலம் வேண்டும். துறையின் தளம் படகின் விளிம்போடு ஒட்டி நிற்க வேண்டும். மனுக் கொடுக்கும்போது 'சாய்தளம் வேண்டும்' என்று மட்டும் எழுதாமல் இந்த விகிதத்தையும் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் தோணி இழுக்கும் சரிவொன்றைக் கட்டிவிட்டு, நாடா வெட்டித் திறந்துவிடுவார்கள்.