பொமரேனியன் குட்டி: காலையில் தள்ளாட்டம், தூக்கினால் உறுமல்

கேள்வி: டாக்டர், எங்கள் வீட்டுக்கு ஒரு பொமரேனியன் குட்டி வந்து இரண்டு வாரம் ஆகிறது. வயது மூன்று மாதம், எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. இதற்கு முன் நாங்கள் நாய் வளர்த்ததில்லை. இரண்டு வேளை சாப்பாடு வைக்கிறோம். அதிலும் பாதியை மிச்சம் வைக்கிறது. வீடு முழுக்க உச்சா போகிறது. அதட்டினால் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அங்கேயும் போகிறது. இராத்திரி விடாமல் அழுகிறது. ஏழு வயது மகள் தூக்கினால் உறுமுகிறது. போன வாரம் ஒருநாள் காலையில் எழுந்ததும் கால் நிற்காமல் தள்ளாடியது, சாப்பிட்டதும் சரியாகிவிட்டது. சின்ன நாய், வளர்ப்பது சுலபம் என்று நினைத்தோம். எங்கே தவறு செய்கிறோம்?

பதில்: கடைசியாகச் சொன்ன அந்தத் தள்ளாட்டத்தை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கெல்லாம் நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். இவ்வளவு சிறிய குட்டியின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. உடம்பில் கொழுப்பும் குறைவு, தசையும் குறைவு. மாலையில் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு இரவு முழுவதும் பட்டினி கிடந்தால், காலையில் மூளைக்குப் போகவேண்டிய சர்க்கரையே பற்றாமல் போகும். முதலில் சோர்வு, பிறகு தள்ளாட்டம், நடுக்கம். கவனிக்காமல் விட்டால் வலிப்பு, மயக்கம் வரை போகும். உயிருக்கே ஆபத்தானது.

எனவே இன்றே சாப்பாட்டை நான்கு வேளையாகப் பிரியுங்கள். கடைசி வேளை நீங்கள் படுக்கப் போகும் முன்பு, முதல் வேளை எழுந்தவுடன். சிறிய இனக் குட்டிகளுக்கென்று விற்கும் உணவாக இருந்தால் நல்லது; உலர் உணவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தால் வாசனை ஏறும், ஆசையாகச் சாப்பிடும். மறுபடி தள்ளாடினால் தேனோ சர்க்கரைக் கரைசலோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். தெளிந்ததும் சாப்பாடு கொடுத்து, உடம்பைக் கதகதப்பாக வைத்து, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஈறில் தடவியபடியே கிளம்பிவிடுங்கள். 'சர்க்கரை இல்லாதது' என்று விற்கும் இனிப்புகள் பக்கமே போகாதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் சைலிடால் என்ற இனிப்பூட்டி நாயின் சர்க்கரையை இன்னும் கீழே தள்ளும், கல்லீரலையும் கெடுக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தள்ளாட்டம் பசியோடு இருக்கும்போது வருகிறதா, சாப்பிட்ட பிறகு வருகிறதா? சாப்பிட்ட பிறகு மந்தமாகித் தள்ளாடினால், கல்லீரலுக்குப் போகவேண்டிய இரத்தம் பிறவியிலேயே வழி மாறிப் போகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். சிறிய இனங்களில் அந்தக் கோளாறு உண்டு.

அடுத்தது உச்சா. மூன்று மாதக் குட்டியால் விழித்திருக்கும் நேரத்தில் அதிக நேரம் அடக்க முடியாது. அதன் சிறுநீர்ப்பை அவ்வளவு சின்னது. தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்ட சில நிமிடங்களில், விளையாடி முடித்ததும் என்று அது போகும் நேரங்கள் ஏறக்குறைய நிச்சயம். அந்த நேரங்களில் எல்லாம், இடையில் மணிக்கொரு தடவையும், நீங்களே அதைக் குறிப்பிட்ட ஒரே இடத்துக்குத் தூக்கிப் போங்கள். அங்கே உச்சா போனதும் அந்த நொடியே ஒரு சிறு துண்டு தின்பண்டம் கொடுங்கள். உள்ளே வந்து கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. மேற்பார்வை இல்லாத நேரத்தில் வீடு முழுக்கத் திரிய விடாமல், சிறிய தடுப்புக்குள் வையுங்கள்.

அதட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள், தயவுசெய்து. வீட்டுக்குள் உச்சா போகக் கூடாது என்று உங்கள் குட்டி கற்றுக்கொள்ளவில்லை. உங்கள் கண்முன் போகக் கூடாது என்றுதான் கற்றுக்கொண்டிருக்கிறது. சோபாவுக்குப் பின்னால் ஒளிவது அதனால்தான். போன இடத்தை நாய் சிறுநீருக்கென்றே விற்கும் என்சைம் திரவத்தால் துடையுங்கள். அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம். அதன் நெடியே குட்டியை மறுபடி அங்கே இழுக்கும்.

இப்போது உறுமல். முப்பது கிலோ நாய் குழந்தையைப் பார்த்து உறுமினால் வீடே எழுந்து நிற்கும். ஒன்றரைக் கிலோ குட்டி உறுமினால் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் அதட்டுகிறார்கள். இரண்டுமே தவறு. உருவம்தான் சிறியது, பயமும் வலியும் எல்லா நாய்க்கும் ஒன்றுதான். உறுமல் என்பது "என்னை விடு" என்று அது தருகிற எச்சரிக்கை. அதட்டி அதட்டி அந்த எச்சரிக்கையை அடக்கிவிட்டால், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கடிக்கும். உறுமுவதற்கு முன்பே முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், காதைப் பின்னால் மடக்கும், உடம்பு விறைக்கும். மகளுக்கு இவற்றைக் காட்டிக் கொடுங்கள். குழந்தைகள் இதைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

மகள் தூக்க வேண்டாம். தரையில் உட்காரட்டும், குட்டி தானாக வரட்டும். வந்தால் மார்பிலோ தோளிலோ மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுக்கட்டும். இன்னும் வேண்டுமென்றால் அதுவே ஒட்டிக்கொள்ளும். ஒரு வேளைச் சாப்பாட்டில் கொஞ்சத்தை அவள் விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுக்கட்டும். எவ்வளவு பழகினாலும் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பெரியவர்கள் தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்புறத்துக்கு அடியில். முன்கால்களைப் பிடித்துத் தூக்கவே கூடாது. குறிப்பிட்ட ஓர் இடத்தில் தொட்டால் மட்டும் உறுமுகிறது என்றால் அங்கே வலி இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நான் தூக்க வேண்டாம் என்று சொல்வதற்கு எலும்பும் ஒரு காரணம். இந்த அளவு நாய்களின் முன்கை எலும்பு மிக மெல்லியது. குழந்தை கையிலிருந்து நழுவினாலோ, சோபாவிலிருந்து குதித்தாலோகூட முறியும். சோபா பக்கத்தில் ஒரு சின்னப் படி வையுங்கள். வழுக்கும் தரையில் பாய் விரியுங்கள்.

இரவு அழுகைக்குக் காரணம் தனிமை. இரண்டு வாரம் முன்புவரை தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் ஒட்டிப் படுத்த குட்டி அது. படுக்கையை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போடுங்கள், கை எட்டும் தூரத்தில். பழகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போடலாம். அழவிட்டால் கெட்டிப்படும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆனால் நடு இரவில் சிணுங்கினால் ஒருமுறை உச்சாவுக்குத் தூக்கிப் போய் வாருங்கள், விளையாட்டு வேண்டாம்.

கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி இழுக்காதீர்கள். பொமரேனியனுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து ஒடுங்கும் நோய் வரக்கூடும்; மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ்தான் சரி. நான்கு மாதத்தில் பல் விழ ஆரம்பிக்கும். அப்போது கையைக் கடித்தால் கையை எடுத்துவிட்டுக் கடிக்கும் பொம்மையைக் கொடுங்கள். ஏழாவது மாதத்திலும் பால் கோரைப்பல் விழாமல் புதுப்பல்லோடு சேர்ந்து நின்றால் எடுக்க வேண்டியிருக்கும். பல் தேய்க்க இப்போதே பழக்குங்கள், நாய்க்கான பற்பசையால். குளியல் மாதம் ஒருமுறை போதும். ஆனால் இந்த முடிக்குத் தினமும் சீப்பு வேண்டும்.

தடுப்பூசி 16 வாரம் வரை தவணை முறையில் தொடரும். ரேபிஸ் ஊசியும் அதில் அடங்கும். முடியும்வரை தெருத் தரையில் விடாதீர்கள். அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கவும் வேண்டாம். ஏறக்குறைய 14 வாரம் வரைக்கும்தான் புதிய மனிதர்களையும் சத்தங்களையும் குட்டி எளிதாக ஏற்றுக்கொள்ளும். கையில் தூக்கிக்கொண்டு போய்த் தினமும் கொஞ்சம் உலகத்தைக் காட்டுங்கள்.

தள்ளாட்டம் திரும்ப வராவிட்டாலும் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். புழு இருந்தாலும் பசி குறையும், சர்க்கரையும் குறையும். போகும்போது அன்றைய மலம் கொஞ்சம் எடுத்துப் போங்கள். தள்ளாட்டம் திரும்ப வந்தால் ஒருவர் ஈறில் தேன் தடவுங்கள், இன்னொருவர் போனில் வீடியோ எடுங்கள். அதைப் பார்த்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.