பையன் கீபோர்டு வாசிக்கிறான், சோறு போடுமா?

அம்மா, குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பையனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, "எப்படியாவது இவனை இன்ஜினியரிங்ல சேரச் சொல்லுங்க சார்" என்று காதோடு காதாகச் சொன்னீர்கள். அவன் எதிரில் எல்லாவற்றையும் பேச முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு அவனை வாசிக்கச் சொன்னது பொழுதுபோக்குக்கு இல்லை. செல்போனில், சீராக டிக் டிக் என்று தாளம் தட்டுகிற மெட்ரோனோம் ஆப்பை நிமிடத்துக்கு 90 தட்டு என்று வைத்து, இயர்போனை மாட்டிவிட்டு, கச்சேரியில் வாசிக்கிற பாட்டையே வாசி என்றேன். விரல் நல்ல சுத்தம். ஆனால் சரணம் வந்ததும் தட்டு ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். அதில் அவன் தப்பு ஒன்றுமில்லை. உங்கள் ஊர் சிரசுத் திருவிழா மேடையில் கூட்டம் குதிக்கக் குதிக்க வேகம் ஏறும். கூடவே ஓடத் தெரிந்தவன்தான் அங்கே கெட்டிக்காரன்.

ஸ்டுடியோவில் கதை வேறு. அங்கே இப்போதெல்லாம் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகத்தான் பெரும்பாலும் பதிவு செய்கிறார்கள். இன்று தபேலா வாசித்தவரும் மூன்று நாள் கழித்துப் புல்லாங்குழல் வாசிப்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஒரே பாட்டில் இருப்பார்கள். இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு காதுக்குள் ஓடும் அந்த டிக் டிக்தான். 'கிளிக்' என்பார்கள். அதோடு நிற்கத் தெரியாவிட்டால் எவ்வளவு ஞானம் இருந்தாலும் இரண்டாவது முறை கூப்பிட மாட்டார்கள். போகும்போது வாசலில் நின்று, "சார், அந்த டிக் டிக் ஆப் பேர் என்ன?" என்று கேட்டான் பாருங்கள், எனக்கு அது பிடித்திருந்தது.

'மியூசிக் டைரக்டர் ஆவானா?' என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, யாரிடமும் இருக்காது. கேட்க வேண்டியது, அந்த மியூசிக் டைரக்டரைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி. கம்ப்யூட்டரில் டிரம்ஸ், பேஸ், ஸ்ட்ரிங்ஸ் எல்லாவற்றையும் அடுக்குகிற புரோகிராமர். எந்த வாத்தியம் எங்கே வர வேண்டும் என்று எழுதுகிற அரேஞ்சர். பதிவு செய்கிறவர், பதிவானதையெல்லாம் அளவாகச் சேர்த்து மிக்ஸிங் செய்கிறவர். சீரியலுக்குப் பின்னணி இசை கோப்பவர், எஃப்.எம்.மில் புரோமோ தயாரிப்பவர், முப்பது செகண்ட் விளம்பரத்துக்கு மெட்டுப் போடுபவர். கீபோர்டு தெரிந்தவனுக்கு இவற்றில் பாதிக்குக் கதவு திறந்தே இருக்கிறது. வாத்தியம் வாசிப்பதை மட்டும் நம்பினால், கால்ஷீட் கணக்கில்தான் கூலி. முன்பு ஒரு பாட்டுக்கு ஐம்பது பேர் உட்கார்ந்து வாசித்த இடத்தில் இன்று கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றே பல வாத்தியங்களை வாசித்துவிடுகிறது. இதை மறைத்து உங்களிடம் ஆசை காட்ட எனக்கு மனசில்லை.

ஆனால் அந்தப் பெட்டிக்குச் சரியாக வராத சத்தங்களும் உண்டு. உங்கள் தம்பி பம்பைக்காரர் என்றீர்களே! நம் வடாற்காட்டுப் பம்பை மேளமும் கூத்தில் ஊதுகிற முகவீணையும் கீபோர்டு பட்டனில் உயிரோடு வருவதில்லை. மாமன் வாசிப்பதை நல்ல மைக் வைத்துத் தானே பதிவு செய்யப் பையன் பழகட்டும். மைக்கை எவ்வளவு தள்ளி வைத்தால் தோல் சத்தம், எவ்வளவு கிட்டே வைத்தால் குச்சி சத்தம் என்று அவன் காது தானாகவே கற்றுக்கொள்ளும்.

சரி, படிப்பு. அவன் எடுத்திருப்பது கணிதம், இயற்பியல் உள்ள குரூப். அது வீண் போகாது, ஒலி என்பதே இயற்பியல்தான். சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவு நான்கு வருடப் பட்டப் படிப்பு. இடங்கள் குறைவு, ஆனால் அரசு நிறுவனம், பட்டமும் உண்டு. சொந்தக்காரர்கள் கேட்டால் சொல்ல ஒரு பெயர் வேண்டும் என்கிற உங்கள் கவலையும் தீரும். அங்கே கிடைக்காவிட்டால், வேலூரிலேயே பி.எஸ்சி. இயற்பியலோ, விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியலோ படிக்கட்டும். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை சுமார் 130 கிலோமீட்டர்தான், வார இறுதியில் ஸ்டுடியோ உதவியாளாகப் போய் வரலாம். பட்டம் முடித்தபின் புனே திரைப்பட நிறுவனத்தின் ஒலிப்பதிவுப் பிரிவுக்கும் முயலலாம். 2009-இல் ஒலிக்கலவைக்கு ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி அங்கே படித்தவர்.

தனியார் பயிற்சி மையங்கள் பக்கம் மட்டும் நிதானம். என்னிடம் வந்த ஒரு மாணவனின் அம்மா நகையை அடகு வைத்துச் சென்னையில் ஒன்றில் சேர்த்தார். ஒரு வருடத்தில் அவன் மைக்கைத் தொட்டது நாலைந்து தடவை. பணம் கட்டுவதற்கு முன்னால், 'வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பையன் கையில் மைக்கும், ஒலியைக் கூட்டிக் குறைக்கிற கன்சோலும் இருக்கும்?' என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ரேடியோவில் கிரேடு வாங்கினால் கவர்மென்ட் வேலை என்று யாரோ சொன்னார்களாமே, அது தவறு. ஆகாசவாணி ஆடிஷனில் பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் கொடுப்பார்கள். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி சன்மானம் உண்டு, மாதச் சம்பளம் கிடையாது. ஆனால் கச்சேரிக்காரர்களிடையே அந்தத் தரத்துக்கு மதிப்பு அதிகம். பாட்டு கற்கிற உங்கள் மகளுக்கு இது பொருந்தும். அவளுக்கு முறையான படிப்பு வேண்டுமென்றால் திருவண்ணாமலையிலும் காஞ்சிபுரத்திலும் அரசு இசைப்பள்ளி இருக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். நாளைக்கு இவன் சொந்தமாக மெட்டுப் போட்டால், நீட்டிய பேப்பரில் எல்லாம் கையெழுத்துப் போடக் கூடாது. 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, படப் பாட்டு தியேட்டருக்கு வெளியே ரேடியோவிலோ டிவியிலோ ஒலித்தால் இசையமைத்தவருக்கும் பாட்டு எழுதியவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. அந்தப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது.

இப்போதைக்கு பரீட்சை முடியட்டும். தினமும் இருபது நிமிடம் கிளிக்கோடு வாசிக்கச் சொல்லுங்கள், முதலில் 60 தட்டில், மெதுவாக. மே மாதம் மாமனின் பம்பைப் பதிவை எடுத்துக்கொண்டு வரட்டும். மாமனும் கூட வந்தால் நல்லதுதான். பம்பை மட்டும் வேண்டாம், என் அறை சின்னது.