இணையத்தில் பதிப்புரிமை மீறலைக் கண்காணிக்கும் முறை நியாயமானதா?

இல்லை என்பதே என் பதில். படைப்பவருக்கு உரிமை கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் பியானோ வாசித்துப் பதிவேற்றுகிறவன், என் பதிவை வேறொருவர் தம்முடையது என்று போட்டுக்கொண்டால் எனக்கும் வலிக்கும். குற்றம் சாட்டுகிறவருக்கும் சாட்டப்படுகிறவருக்கும் ஒரே அளவுப் பொறுப்பு இல்லை என்பதுதான் என் குறை.

பெரிய தளங்கள் பல பின்பற்றும் நடைமுறை, அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து வந்தது. பதிப்புரிமை மீறப்பட்டது என்ற அறிவிப்பு வந்ததும் கோப்பை விரைந்து நீக்கிவிட்டால், பயனர் செய்த மீறலுக்குத் தளம் இழப்பீடு தர வேண்டியதில்லை. ஆகவே விசாரிக்காமல் நீக்குவதே தளத்துக்குப் பாதுகாப்பு. அறிவிப்பு அனுப்புகிறவர், உரிமையாளர் சார்பில் பேசும் அதிகாரம் தமக்கு உண்டு என்பதை மட்டுமே பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டு உறுதிகூற வேண்டும். மீறல் நடந்தது என்பதற்கு அவருடைய நல்லெண்ண நம்பிக்கை போதும். மறுப்பவரோ, அதாவது பதிவேற்றியவரோ, கோப்பு தவறுதலாக நீக்கப்பட்டது என்ற தம் நம்பிக்கையையே அந்தத் தண்டனைக்கு உட்பட்டுச் சொல்ல வேண்டும். பெயர், முகவரி, தொலைபேசி எண் கொடுத்து, நீதிமன்ற அதிகாரத்துக்கும் ஒப்ப வேண்டும். அந்த முகவரி குற்றம் சாட்டியவர் கைக்கே போகிறது. அதன் பிறகும் கோப்பு திரும்ப 10 முதல் 14 வேலை நாள்கள் ஆகும்.

2007இல் ஒரு தாய், தம் குழந்தை பாட்டுக்கு ஆடியதை 29 நொடி படம்பிடித்துப் பதிவேற்றினார். அந்தப் பாட்டின் உரிமையை நிர்வகித்த யுனிவர்சல் இசை நிறுவனம் அதை நீக்க வைத்தது. அவர் வழக்குத் தொடுத்தார். நீக்கக் கோருமுன் அது நியாயப் பயன்பாடா, அதாவது அனுமதி இல்லாமலே சட்டம் ஏற்கும் பயன்பாடா என்று உரிமையாளர் எண்ணிப் பார்த்தாக வேண்டும் என மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. சமரசம் ஏற்பட்டது 2018இல்தான். இவ்வளவு காலம் போராட எத்தனை பேருக்கு வசதி இருக்கும்?

பதிவேற்றும் ஒலியை உரிமையாளர்கள் தந்த பதிவுகளோடு தளத்தின் கணினியே ஒத்துப் பார்க்கும் தானியங்கி ஒப்பீட்டில் சட்ட அறிவிப்புகூடத் தேவையில்லை. 1750இல் மறைந்த ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் ஒரு படைப்பை வீட்டில் வாசித்துப் பதிவேற்றினேன். மறுநாளே ஒரு நிறுவனம் அந்த ஒலிப்பதிவு தன்னுடையது என்று கோரியது. அவர்கள் குறித்த பகுதிக்குள்தான் என் விரல் சறுக்கி, ஓர் அடியை மீண்டும் வாசித்த இடம் இருந்தது. அந்தப் பிழை எந்த இசைத்தட்டிலும் இருக்க முடியாது. முறையிட்டேன். அதைப் படித்து முடிவு சொல்பவர் உரிமை கோரியவரே. அதற்கு அவருக்கு 30 நாள் அவகாசம். கடைசி வாரத்தில் கோரிக்கை விலக்கப்பட்டது, ஒரு வரி விளக்கமும் இல்லாமல்.

இதே ஒப்பீட்டுக் கருவியைத் தம் படைப்பைக் காக்கத் தாருங்கள் என்று தனிக் கலைஞர் கேட்டால், பெரும்பாலும் பெரிய உரிமையாளர்களுக்கு மட்டுமே என்ற பதில்தான் வரும். அவர் திருட்டுப் பிரதிகளைத் தாமே தேடி, ஒவ்வொன்றுக்கும் படிவம் நிரப்ப வேண்டும். கோருகிறவரும் மறுப்பவருக்கு நிகரான உறுதிமொழி தர வேண்டும், முறையீட்டை மூன்றாம் நபர் ஒருவர் படிக்க வேண்டும், அதுவரை கோப்பு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.