ஆற்றங்கரையில் கைக்கோடரி: எடுக்கலாமா, விடலாமா?

அம்பத்தூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நண்பர்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கப் பூண்டிப் பக்கம் போவோம். போன மழையில் கொசஸ்தலை ஆற்றின் கரை சரிந்த ஓரிடத்தில் கைக்கோடரி (ஆதிமனிதர்கள் கையில் பிடித்துப் பயன்படுத்திய கற்கருவி) மாதிரி கற்கள் தெரிகின்றன. இரண்டை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டோம். பக்கத்திலேயே சவுடு மண் அள்ளுகிறார்கள். அந்த இடத்தைக் காப்பாற்ற நாங்கள் என்ன செய்ய முடியும்?"

முதலில், இனி ஒரு கல்லையும் எடுக்காதீர்கள். நீங்கள் நிற்கும் வட்டாரம் சாதாரணமானது இல்லை. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த 1863-ஆம் ஆண்டிலேயே, கொசஸ்தலைப் படுகையில் இருக்கும் அத்திரம்பாக்கமும் கண்டறியப்பட்டது. (பல்லாவரத்தில் அவருக்குக் கல் கிடைத்ததே சரளை தோண்டிய பள்ளத்தில்தான். பள்ளம் தோண்டுவதால் வெளியே வருவதும் உண்டு, ஒரேயடியாகப் போய்விடுவதும் உண்டு.) தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு செய்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் வெளியிட்டார்கள். அந்தக் கற்கள் எவ்வளவு காலம் மண்ணுக்குள் புதைந்து கிடந்தன என்பதைக் கற்களிலிருந்தே அளந்துதான் அந்த வயதைச் சொன்னார்கள். எந்த மண் அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று தெரியாத கல்லை வைத்து இப்படி எதுவும் சொல்ல முடியாது. கரையின் வெட்டுமுகத்தைச் சுரண்டிப் பார்ப்பதும் வேண்டாம். வெயில் படாத மணலை வைத்துக் காலம் கணிக்கும் முறையும் உண்டு. சுரண்டினால் மணலில் வெயில் பட்டு அதுவும் கெட்டுப்போகலாம்.

அது கருவிதானா என்ற சந்தேகம் நியாயமானது. வெள்ளத்தில் உருண்ட கூழாங்கல் எல்லாப் பக்கமும் வழவழப்பாக இருக்கும். கைக்கோடரியில் இரண்டு முகங்களிலும் சில்லு பெயர்த்த தழும்புகள் இருக்கும். அவை விளிம்பில் வந்து சேரும். ஜேசிபி பல் பட்டு உடைந்த கல்லிலும் தழும்பு இருக்கும், ஆனால் உடைந்த இடம் மட்டும் புது நிறத்தில் பளிச்சென்று தெரியும். முடிவை நிபுணர்கள் சொல்லட்டும். நீங்கள் பதிவு செய்தால் போதும்.

உங்களால் செய்ய முடிந்த பெரிய வேலை அந்தப் பதிவுதான். ஒரு பனைமரத்தையோ, எண் எழுதிய மின்கம்பத்தையோ, சர்வே கல்லையோ அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று, அதே திசையில் படம் எடுங்கள். கரை விளிம்பு அங்கிருந்து எத்தனை மீட்டர் என்று டேப் வைத்து அளந்து தேதியோடு எழுதுங்கள். கல்லைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை வையுங்கள். செப்டம்பர் கடைசியில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரியில் ஒரு முறை போவது அவசியம். உங்கள் இடம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குக் கீழே இருந்தால், உபரிநீர் திறந்துவிட்டுத் தண்ணீர் வடிந்த பிறகும் போய்ப் பாருங்கள். இரண்டு மூன்று வருடப் படங்களை வரிசையாக வைத்தால், கரையை ஆறு தின்கிறதா, லாரி தின்கிறதா என்று பார்க்கிறவருக்கே புரிந்துவிடும்.

வீட்டிலிருந்தபடியும் கண்காணிக்கலாம். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படங்கள் கிடைக்கும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். சில நாட்களுக்கு ஒரு முறை புதுப் படம் வரும். அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். ஆகவே லாரி தெரியாது, அரை ஏக்கர் பள்ளம் தெரியும். மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடும், அதனால்தான் நேரில் போகச் சொல்கிறேன்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அவற்றில் பதிந்த இருப்பிடத் தகவல் போய்விடும். துறைக்கு அனுப்பும்போது 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். ஃபேஸ்புக்கில் இடத்தின் பெயரைப் போடவே போடாதீர்கள். அடுத்த ஞாயிறே பை எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

சரி, யாரிடம் சொல்வது? முதலில் வி.ஏ.ஓ.விடம் கேட்டு சர்வே எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். அது ஆற்றுப் புறம்போக்கா, பட்டாவா என்பதில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது. புறம்போக்கு என்றால் தாசில்தாருக்கும் நீர்வளத்துறைக்கும் மனு கொடுங்கள். மண் அள்ள அனுமதி இருக்கிறதா, எந்த எல்லை வரை என்பதைக் கனிமவளத்துறையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மாநிலத் தொல்லியல் துறைக்கும், சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கும் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகத்துக்கும் நகல் போகட்டும். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்ப்புக் கூட்டத்தில் மனு கொடுத்தால், ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள். லாரிக்காரர்களிடம் நேரில் சண்டைக்குப் போகாதீர்கள். வண்டியை மறித்துப் படம் எடுப்பதும் வேண்டாம்.

பட்டா நிலமாக இருந்தால் உரிமையாளரிடம் பக்குவமாகப் பேச வேண்டும். "கல் கிடைத்தது என்று சொன்னால் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள்" என்ற பயம் கிராமங்களில் பலமாக இருக்கிறது. அந்தப் பயத்தில் ராத்திரியோடு ராத்திரியாக இடத்தை உழுதுவிட்டால் எல்லாம் போச்சு. கல் கிடைத்ததால் மட்டும் எந்தத் தடையும் வந்துவிடாது. மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கும் முன் இரண்டு மாத அவகாசம் கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். அறிவித்த பிறகுதான் சுற்றிலும் 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. இதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் வரப்பைத் தாண்டாதீர்கள்.

வீட்டில் இருக்கும் அந்த இரண்டு கற்களையும் திரும்பக் கொண்டுபோய்ப் போடாதீர்கள், அது இன்னும் குழப்பம். கழுவவும் வேண்டாம். தனித்தனிப் பையில் போட்டு, எடுத்த தேதி, இடம், கரையில் எந்த உயரத்தில் இருந்தது என்று நினைவிருக்கும் அளவுக்கு எழுதி, பூண்டியிலேயே இருக்கும் தொல்லியல் துறை அகழ்வைப்பகத்தில் (அருங்காட்சியகத்தில்) கடிதத்தோடு ஒப்படைத்துவிடுங்கள்.