ஒல்லியானவரின் பாக்டீரியா – கடிதம்

அன்புள்ள ஐயா,

குடல் நுண்ணுயிர்களை ஆராயும் ஜெஃப்ரி கோர்டன் பற்றி எழுதியிருந்தீர்கள். உடல் பருமனில் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு என்றால், ஒல்லியான ஒருவரின் பாக்டீரியாவை மாத்திரையாக்கி விழுங்கினால் போதாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கோர்டன் குழுவே 2013இல் ஏறக்குறைய இதைச் செய்து பார்த்தது, எலிகளில். செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு அது. இரட்டைச் சகோதரிகள், ஒருவர் பருமன், மற்றவர் ஒல்லி. இருவரின் மலத்திலிருந்தும் நுண்ணுயிர்களை எடுத்து, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குள் செலுத்தினார்கள். தீனி ஒன்றுதான். ஆனால் பருமனானவரின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகளுக்குக் கொழுப்பு அதிகமாகச் சேர்ந்தது.

சரி, மாத்திரை போதும் என்றுதானே இதைப் படித்தால் தோன்றும்? எனக்கும் தோன்றியது. அடுத்து இருவகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டார்கள். எலிகள் ஒன்றின் எச்சத்தை இன்னொன்று தின்னும். அப்படி ஒல்லியானவரின் பாக்டீரியாக்கள் மற்ற எலிகளின் குடலிலும் குடியேறின, அவற்றுக்குக் கொழுப்பு கூடவில்லை. பிறகு கொழுப்பு மிகுந்த, காய்கனி குறைந்த தீனியைக் கொடுத்தார்கள். அதே கூண்டு, அதே எச்சம். அந்தப் பாக்டீரியாக்களால் இந்த முறை குடியேற முடியவில்லை.

இந்த ஆராய்ச்சியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். நார்ச்சத்தைத் தின்று வாழும் உயிருக்கு நார்ச்சத்து கிடைக்காத குடலில் என்ன வேலை? மாத்திரையில் ஆளை அனுப்பலாம், சாப்பாட்டை நாம்தான் போட வேண்டும்.

வெளியிலிருந்து அனுப்பிப் பலன் கண்ட நோயும் உண்டு. ஆன்டிபயாட்டிக் பழைய குடிகளை அழித்தபின் பெருகி, கடும் வயிற்றுப்போக்கைத் தரும் 'சி. டிஃபிசில்' என்ற பாக்டீரியாவின் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், ஆரோக்கியமானவரின் மல நுண்ணுயிர்களைச் செலுத்தும் சிகிச்சை நன்றாகவே வேலை செய்கிறது. பருமன் அப்படிக் காலியான வீடு இல்லை.

கோர்டன் அப்புறம் போன திசையையும் பாருங்கள். டாக்காவின் மிர்பூரில், ஊட்டச்சத்துக் குறைந்த 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு அவர் குழு வங்கதேச ஆய்வாளர்களோடு சேர்ந்து ஓர் உணவைத் தயாரித்தது: கொண்டைக்கடலை, சோயா, வேர்க்கடலை, வாழைக்காய். குடலில் ஏற்கெனவே இருக்கும், வயதுக்கேற்ப வளராமல் நின்ற நுண்ணுயிர்க் கூட்டத்துக்கான தீனி இது. வழக்கமான சத்துணவைவிடக் கலோரி குறைவு, ஆனாலும் எடை வேகமாகக் கூடியது. 2021இல் முடிவு வெளியானது. மூன்று மாதம், 118 குழந்தைகள்தான். அவர்களுக்கு ஒரு பாக்டீரியாவைக்கூட வெளியிலிருந்து கொடுக்கவில்லை.